கோட் போட்டு வரச் சொன்னவர்களுக்கு

திருகோணமலையில் நேர்முகப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கின்ற நிறுவனங்களின் முகாமையாளர்களுக்கும், தெரிவுக் குழுவில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கின்ற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

நான் இந்த ஊரில் 38 வருடமாகத் தைக்கிறவன். பிரதான வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இரண்டு மெஷின் போட்ட கடை. உங்களில் சிலருடைய கலியாணக் கோட் என் கையால் தைத்தது. வேறு சிலருடைய லோங்ஸ் இடுப்பை வருடத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் விட்டுத் தருகிறவனும் நான்தான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை. இரவு ஏழரை மணியிருக்கும், கதவுப் பலகையைப் போடப் போனேன். மூதூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன் சொப்பிங் பையோடு வந்து நின்றான். விடிந்தால் 9 மணிக்கு நேர்முகமாம். கையில் உங்களில் ஒருவர் அனுப்பிய கடிதம். கடைசி வரியில், ‘ஆண் விண்ணப்பதாரர்கள் கோட், ரை அணிந்து சமுகமளித்தல் வேண்டும்’ என்றிருந்தது.

பைக்குள் இருந்தது அவனுடைய மாமாவின் கலியாணக் கோட்.

“வெட்டிப்போடாதீங்க அங்கிள், மாமாக்குத் திருப்பிக் குடுக்கணும்” என்றான்.

போட்டுப் பார்த்தோம். கறுப்பு. கொலரின் மடிப்பில் மினுங்குகிற சற்றின் துணி. தோளில் அந்தக் காலத்துத் தடித்த பஞ்சு. மாமா நல்ல பருமன் போல, பொடியனோ ஒல்லி. கை நீளம் விரல் நுனி மட்டும் தெரியும்படி இறங்கிக் கிடந்தது. நான் அவனைச் சுவரோடு பக்கவாட்டில் சாயச் சொன்னேன். இது என் அப்பா பழக்கின சோதனை: மனிசனின் கை சுவரில் படுவதற்கு முதலே தோள் பஞ்சு போய் முட்டினால் கோட் பெரிது. பஞ்சு முட்டி மடங்கியது, கைக்கும் சுவருக்கும் நடுவில் என் இரண்டு விரல் போனது.

உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோட்டில் எல்லாவற்றையும் திருத்தலாம், தோளை மட்டும் ஏலாது. கையைக் குறைக்கலாம். பக்கத் தையலைப் பிரித்து இடுப்பை ஒடுக்கலாம். லோங்ஸ் காலைத் தூக்கலாம், இறக்கலாம். தோளைத் தொட வேண்டுமென்றால் கை இரண்டையும் கழற்றி, பஞ்சை எடுத்து, கைக்குழியைப் புதிதாக வெட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் கூலியில் இன்னொரு கோட்டுக்குத் துணி வாங்கலாம். அதிலும் வெட்டக் கூடாது என்பது கட்டளை.

இரவு பதினொன்றரை வரை இருந்து செய்தேன். கையை இரண்டு அங்குலம் உள்ளே மடித்து, வெட்டாமல், கைத்தையலால் பிடித்தேன். முதுகின் நடுத் தையலிலும் பக்கங்களிலும் உள்ளுக்குள் ஒடுக்கினேன். முன்பக்கம் ஓரளவு மனிசக் கோலத்துக்கு வந்தது. தோள் மட்டும் அப்படியே, பக்கத்து வீட்டு ஆளைத் தூக்கி வைத்த மாதிரி. பொடியன் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. “எவ்வளவு அங்கிள்?” என்று கேட்டான். வேலை கிடைத்தால் தா என்றேன்.

கிடைக்கவில்லை. அதில் எனக்குக் கோபமில்லை. பத்துப் பேர் போனால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கோபம் வேறு இடத்தில். ஒன்பது மணிக்கு வரச் சொன்ன பிள்ளையைப் பதினொன்றே கால் மட்டும் விசிறி இல்லாத விறாந்தையில் கோட்டோடு இருத்தினீர்கள். பிறகு ஏசி அறைக்குள் கூப்பிட்டு, சேட்டின் கையை முழங்கை வரைக்கும் மடித்துக்கொண்டு இருந்த ஒருவர், “தம்பி, கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி இருக்கிறீர்” என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்களாம். அடுத்த கேள்வி கணக்கு வைப்புப் பற்றியது. அவன் படித்ததே கணக்கீடுதான். வாய் ஒட்டிக்கொண்டது என்றான்.

எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாததும் நல்லதுதான். இல்லாவிட்டால் அடுத்த தடவை அளவெடுக்க வரும்போது ஊசி எங்கேயாவது தவறிக் குத்தும்.

கோட் வேண்டும் என்று எழுதியவர் நீங்கள். கடன் வாங்கிய கோட்டைப் பார்த்துச் சிரித்தவரும் நீங்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம்.

இந்த ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. வைகாசியில் கச்சான் எழும்பினால் புரட்டாதி மட்டும் விடாது. (கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த முகாமையாளர்மாருக்கு: இது கோயில் வாசலில் கடதாசிச் சுருளில் விற்கிற கச்சான் அல்ல. மேற்கேயிருந்து மலையில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வறண்டு வருகிற காற்று.) ஆனி, ஆடியில் மத்தியானம் 35 பாகையைத் தொடும். பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற மான்களே நிழல் தேடிப் படுத்துவிடும். அந்த நேரத்தில் மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் பஸ்ஸில் நெரிபட்டு வருகிற பிள்ளை, மடியில் கோட்டைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வர வேண்டும்.

கோட்டை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்களின் கதையைக் கேளுங்கள். என் அப்பா இளவயதில் டொக்யாட் என்ற கடற்படைத் தளத்து ஆட்களுக்குத் தைத்தவர். 1957 இல் வெள்ளைக்காரனின் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவருக்கு அங்கேதான் சோறு. அவர் தைத்ததில் பெரும்பகுதி என்ன தெரியுமா? வெள்ளை ட்றில் துணியில் அரைக் கைச் சேட்டும் அரைக் காற்சட்டையும். இங்கிலாந்தில் கழுத்து மட்டும் பொத்தான் பூட்டித் திரிந்த அதே உத்தியோகத்தர்கள் இங்கே வந்து முழங்கால் தெரிய நடந்தார்கள். இரவு விருந்துக்குக்கூட அவர்களுக்கு ‘ரெட் சீ ரிக்’ என்றொரு முறை இருந்தது: கோட்டே இல்லை, வெள்ளைச் சேட், இடுப்பில் அகலப் பட்டி, கறுப்பு லோங்ஸ், அவ்வளவுதான். செங்கடல் வெக்கையில் பிறந்த பழக்கம் என்பதால் அந்தப் பெயர். கோட்டைக் கண்டுபிடித்தவனே வெக்கையைக் கண்டதும் கழற்றி வைத்தான். நாங்கள்தான் கழற்ற மாட்டோம் என்கிறோம்.

உடனே, “அப்ப தையல்காரரே கோட் வேண்டாம் என்கிறார்” என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கோட் பிடிக்கும். நன்றாக வெட்டின கோட்டைப் போட்டவுடன் ஓர் ஆள் முதுகை நிமிர்த்துவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். துறைமுகக் கப்பல் முகவர்கள், வெளிநாட்டுக்காரருடன் கதைக்கிற ஹோட்டல் முகாமையாளர்கள், நீதிமன்றத்துக்குப் போகிற சட்டத்தரணிகள் ஆகியோருக்கு அது தொழிலோடு வருகிற உடுப்பு. அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்றால் கேளுங்கள், நியாயம். களஞ்சியத்தில் சாக்கு எண்ணுகிற வேலைக்கும், மோட்டார் சைக்கிளில் தவணைப் பணம் சேர்க்கிற வேலைக்கும் எதற்குக் கோட்? வேலை கிடைத்தபிறகு அவன் ஒருநாளும் அதைப் போடப் போவதில்லை. நீங்களும் போடுவதில்லை.

கேட்பதென்றால், என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்து கேளுங்கள். என் அனுபவத்தில் சூட் வாங்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் கறுப்பைத்தான் தொடுகிறார்கள். அது சட்டத்தரணிக்கு, இல்லாவிட்டால் இரவு விருந்துக்கு. பகலில் எங்கள் வெளிச்சத்தில் கறுப்பு நிறம் துணியின் ஒவ்வொரு நூலையும் தூசியையும் காட்டிக் கொடுக்கும். கடும் நீலமும் கடும் சாம்பலும் வேலைத்தலத்துக்கான நிறங்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கடும் நீலம். கலியாணத்துக்கும் போகும், கந்தோருக்கும் போகும். சற்றின் மினுக்கம் வைத்த வாடகைக் கோட்டை நேர்முகத்துக்குப் போட வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினாலே பல பிள்ளைகளின் வாடகைக் காசு மிஞ்சும்.

துணி பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முழுப் பொலியெஸ்டர் துணி மலிவு, கசங்காது, கழுவினால் உடனே காயும். எல்லாம் சரி, வேர்வையை மட்டும் குடிக்காது. சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் கம்பளி நூல் 16 கிராம் அளவுக்கு ஈரத்தை உள்ளே இழுத்து வைக்கும். பருத்தி எட்டு, எட்டரை கிராம். பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட இல்லை. ஆகவே கம்பளி என்றவுடன் நுவரெலியாவை நினைக்க வேண்டாம். மெல்லிய கம்பளியை ஐதாக நெய்தால், வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். காற்று போய் வரும். அதைத்தான் எங்கள் தொழிலில் ட்றொப்பிக்கல் துணி என்போம். விலை கூட. அது கட்டாதவர்களுக்கு ரி.ஆர். என்று சொல்கிற பொலியெஸ்டர், விஸ்கோஸ் கலந்த துணி பரவாயில்லை. விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல், கொஞ்சம் வேர்வை குடிக்கும்.

இன்னொரு ஏமாற்று. துணிக்கரையில் ‘சுப்பர் 120’, ‘சுப்பர் 150’ என்று பொன் எழுத்தில் அச்சடித்து, பொலியெஸ்டரை விற்கிறார்கள். அந்த எண் கம்பளிக்கு மட்டும் உரியது, நூலிழை எவ்வளவு மெல்லியது என்பதற்கான கணக்கு. சுப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரோனுக்கு (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது. 120 என்றால் 17.75. எண் ஏற ஏறத் துணி மெல்லிசாகும், வழவழப்பாகும், அதேயளவுக்குச் சீக்கிரம் கசங்கும், தேயும். தினமும் போடுகிறவனுக்கு 100 போதும். ஒரு நூலை இழுத்து நெருப்பில் காட்டிப் பாருங்கள். கம்பளி தலைமயிர் கருகின மணம் மணத்து, விரலில் நசுக்கினால் தூளாகும். பொலியெஸ்டர் உருகிக் குண்டுமணி மாதிரி இறுகிவிடும்.

துணி நல்லதாக இருந்தும் சிலர் வேர்த்து ஒழுகுவது லைனிங்கால். உள்ளே கழுத்திலிருந்து அடிவரை பொலியெஸ்டர் லைனிங் போட்டால் மழைக்கோட் போட்டது போலத்தான். தைக்கக் கொடுக்கிறவர்கள் ‘முதுகைத் திறந்து விடுங்கோ’ என்று சொன்னால் போதும். தோளுக்கும் கைக்கும் மட்டும் லைனிங் போட்டு, முதுகின் கீழ்ப்பாதியை வெறுமனே விடுவோம். வெளியே யாருக்கும் தெரியாது.

மலிவான றெடிமேட் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில் உள்துணியைப் பசையால் சூடுகாட்டி ஒட்டியிருப்பார்கள். எங்கள் கடற்காற்றுக்கும், அடிக்கடி ட்ரை கிளீன் பண்ணுவதற்கும், சூடு கூடின அயனுக்கும் அந்தப் பசை இளகி, நெஞ்சில் அப்பளம் பொரிந்த மாதிரிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதற்கு மருந்தில்லை. பசையில்லாமல் உள்ளே கன்வஸ் துணி வைத்துத் தைத்தால் அப்படி வராது. ஆனால் அது நாள் கணக்கில் கை வேலை. அதனால் ஒட்டின கோட்டை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் ட்ரை கிளீனுக்குக் கொடுக்க வேண்டாம். அகலத் தோள் வைத்த ஹேங்கரில் ஓர் இரவு காற்றுப்பட விட்டு, தூரிகையால் துடைத்தால் போதும்.

பெரும்பாலான பொடியன்மாரின் பிழைகள் காசில்லாமல் திருத்தக் கூடியவை. றெடிமேட் கோட்டின் பின்வெட்டில் வெள்ளை நூலால் பெருக்கல் அடையாளம் போட்டுத் தைத்திருக்கும். அது கடைக்கு வரும்வரை கசங்காமல் இருப்பதற்கு. வெட்டி எடுக்க வேண்டும். கையின் மேல் ஒட்டியிருக்கிற கொம்பனிப் பட்டியும் அப்படித்தான். அது அலங்காரம் என்று நினைத்து மூன்று வருடம் போட்டுத் திரிந்த ஒரு வாத்தியார் என் கடைக்கு வந்திருக்கிறார். பொக்கற்றுகளும் தைத்து மூடியிருக்கும். எங்கள் மூதூர்ப் பொடியன் என்னிடம் திரும்பி வந்து முதலில் சொன்ன முறைப்பாடு அதுதான்: லேஞ்சி வைக்கப் போனானாம், கை போகவில்லை, முகத்து வேர்வையை ரையால் துடைத்திருக்கிறான். மாமா கலியாணத்தன்றும் அந்தப் பொக்கற்றைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவு அதைப் பார்க்காமல் விட்டது என் பிழை.

பொத்தான் இரண்டு இருந்தால் மேலது மட்டும். மூன்று இருந்தால் நடுவிலுள்ளது. அடிப் பொத்தானைப் பூட்டுவதில்லை. ஏழாம் எட்வேர்ட் மன்னருக்கு வயிறு பெருத்ததால் வந்த பழக்கம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இன்று கோட் வெட்டுகிறவர்கள் அடிப் பொத்தானைப் பூட்டாததாகக் கணக்கு வைத்தே வெட்டுகிறோம். பூட்டினால் இடுப்பில் இழுக்கும். கதிரையில் இருக்கும்போது பொத்தானைக் கழற்றிவிட வேண்டும், எழும்பும்போது பூட்ட வேண்டும். கையைத் தொங்க விட்டால் கோட்டுக்குக் கீழே சேட்டின் கை அரை அங்குலம் தெரிய வேண்டும், பின்கழுத்திலும் சேட் கொலர் அவ்வளவு. ரையின் நுனி பெல்ட்டைத் தொட வேண்டும், அதற்குக் கீழே தொங்கினால் நாக்கை நீட்டினது போல. சப்பாத்துக்கும் பெல்ட்டுக்கும் ஒரே நிறம். மேஸ் லோங்ஸின் நிறத்தில், இருந்தால் தோல் தெரியாத நீளத்தில். இதற்குமேல் மோதிரக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டியதும் இவ்வளவுதான். நூலை வெட்டியிருக்கிறானா, சேட் கொலர் துப்புரவா, சப்பாத்தைத் துடைத்திருக்கிறானா. கவனமுள்ள பிள்ளையா என்று அதிலே தெரியும். கோட்டின் விலையில் தெரிவது அவனுடைய தகப்பனின் தொழில்.

பெண் பிள்ளைகளிடம் நீங்கள் கோட் கேட்பதில்லை. சாரியோ சுடிதாரோ துப்புரவாக உடுத்து வந்தால் ஏற்கிறீர்கள். அந்த அறிவு ஆண் பிள்ளைகள் விஷயத்தில் எங்கே போகிறதென்று எனக்கு விளங்கவில்லை. வேட்டி கட்டி வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுச் சங்கடப்படுத்தப் போவதில்லை. 1905 இல் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் அவருடைய கூட்டாளிகளும் சமூக சீர்திருத்தச் சங்கம் வைத்து, யோசிக்காமல் ஐரோப்பிய உடுப்பைப் பிரதிபண்ணாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். 120 வருடத்தில் அதற்கு நடந்தது தெரியும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் இதே கடலின் மேல்தலைப்பில் இருக்கிற பங்களாதேஷில், 2009 இல் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா, வெக்கைக் காலத்தில் அரச உத்தியோகத்தர்கள் கோட்டும் ரையும் அணியக் கூடாது, ஏசியை 24 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. ஜப்பானில் 2005 இலேயே ‘கூல் பிஸ்’ என்று தொடங்கி, கந்தோர்களின் ஏசியை 28 இல் வைத்து, ரையைக் கழற்றச் சொன்னார்கள். கழுத்துப் பொத்தானைத் திறப்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்த நாடு அது. 2022 பங்குனியில் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த எங்களுக்கு ஏசியை நம்பிக் கோட் போடுகிற கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த மாதம் நான் கால் மெஷினில்தான் தைத்தேன்.

ஆகவே என் கோரிக்கை. அழைப்புக் கடிதத்தில் உடுப்பைப் பற்றி ஒரு வரியை யோசித்து எழுதுங்கள். கோட் தேவையில்லை என்றால், ‘நீளக் கைச் சேட், லோங்ஸ், மூடிய சப்பாத்து போதுமானது’ என்று வெளிப்படையாகப் போடுங்கள். ரை விருப்பமென்றால் அதையும் சேருங்கள். கோட் உண்மையிலேயே வேண்டுமென்றால் இரண்டு கிழமைக்கு முதல் சொல்லுங்கள். தையற்காரனுக்கு ஒரு கோட்டுக்குக் குறைந்தது இரண்டு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். வந்த பிள்ளையைக் காத்திருக்க வைப்பதென்றால் விசிறிக்குக் கீழே இருத்தி, கோட்டைக் கழற்றி வைத்திருக்கச் சொல்லுங்கள். ‘தகுந்த உடை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு பொடியன்மார் என் கடையில் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது.

அந்த மூதூர்ப் பிள்ளைக்கு அடுத்த மாதம் 12 ஆம் திகதி இன்னொரு நேர்முகம். வேறு நிறுவனம். கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். ‘தகுந்த உடையில் வரவும்’ என்றுதான் இருக்கிறது. மாமாவும் மற்றப் பக்கத்தில் கோட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், யாரோ சொந்தக்காரரின் கலியாணம் வருகிறதென்று.

அந்தக் கடிதம் அனுப்பியவர் இதைப் படித்தால், கோட் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் பிள்ளையின் தொலைபேசிக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள். கோட் இப்போது என் கடையில்தான் தொங்குகிறது. பொக்கற்றுகளைத் திறந்துவிட்டேன். கை மடிப்பை இன்னும் பிரிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒழுங்கைக்குள் கடை வைத்திருக்கும் தையற்காரன்
திருகோணமலை